திருநீறு பூசிய மன்னன் கட்டிய குகை விகாரை

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது திரையில் பிரான்சுவா பூஷேயின் ஓவியத்தைக் காட்டினார்கள். மேகத்தில் சாய்ந்திருக்கும் வீனஸ், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் வல்கன். பிரெஞ்சு மன்னன் பதினைந்தாம் லூயியின் ஓவியரான அவர் 1770இல் இறந்தார். அதே காலப்பகுதியில் கண்டிக்கு அருகே, மகாவலிக்கு அப்பால், தெகல்தொருவ குகையில் இன்னொரு மன்னனுக்காகச் சிலர் சுவர்களைச் செந்நிறத்தால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்துப் பிள்ளை. அக்கா கண்டி அரசனுக்கு வாழ்க்கைப்பட்டதால் சிறுவனாக இங்கு வந்தான். அரசன் வாரிசின்றி இறக்க, 1747இல் அரியணை அவனுக்கு வந்தது.

அறுந்துபோயிருந்த பௌத்த உபசம்பதா மரபை 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து மீட்டவன் அவன்தான். பெரஹராவில் புனித தந்தத்தை ஊர்வலமாக எடுத்துச் சென்றதும் அவன் காலத்து ஏற்பாடு. ஆனால், திருநீறு பூசுகிறான் என்பது அவன்மேல் குற்றமாகவே இருந்தது. 1760இல் அவனைக் கொல்ல மல்வத்து விகாரையில் சதி நடந்தது. அவன் உயர்த்திவிட்ட பிக்குகளும் அதில் இருந்தார்கள். பிரதானிகள் சிலருக்கு மரண தண்டனை கொடுத்தான். விகாரைகள் கட்டுவதை நிறுத்தவில்லை. நம்பிக்கையா, அரசியலா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடினர். தந்தத்தையும் எடுத்துக்கொண்டு மன்னன் மலைகளுக்குள் ஓடினான். ஓடும்போது எதைக் கையில் எடுப்பது என்பது எங்கள் வீட்டிலும் பலமுறை எழுந்த கேள்வி. அம்மா எப்போதும் காணி உறுதிப் பையையே முதலில் எடுப்பார். மறு ஆண்டு உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் அவன் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தான்.

தெகல்தொருவவில் விதானம் முழுக்க மாரனோடு நடந்த போர். சுவர்களில் ஜாதகக் கதைகள் வரிவரியாக ஓடுகின்றன. தூரம், நிழல் ஒன்றுமில்லை. இடைவெளி தெரிந்தால் அங்கே ஒரு பூ. பூஷேயின் வீனஸை உடல் அழகுக்காக ரசிக்கலாம். இது ஆறுதலாக நடந்தபடி வாசிக்க வேண்டியது. வரைந்தவர்களில் முதன்மையானவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே. உபசம்பதா பெறாத துறவி.

1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குள் இருந்த நாயக்க மன்னர்களின் உழைப்பைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் பேசியதில்லை. அந்தப் பக்கத்திலும் கேட்டதில்லை.

அன்று குகையில் அருகே நின்ற முதியவர் எந்த ஊர் என்று சிங்களத்தில் விசாரித்தார். வவுனியா என்றேன். தலையசைத்துவிட்டு விதானத்தின் மூலையில் நான் தவறவிட்ட ஓர் உருவத்தைக் கைகாட்டினார்.

1782இல் குதிரையிலிருந்து விழுந்து மன்னன் இறந்தான். மீதி வேலையைத் தம்பி இராஜாதி இராஜசிங்கன் முடித்து, 1786இல் விகாரையைச் சங்கத்துக்கு வழங்கினான்.