குழந்தைத் தோட்டம் கண்டவர்

இன்று நம் நாட்டில் மூன்று வயதுப் பிள்ளையும் எல்.கே.ஜி. என்னும் சொல்லை அறியும். அதிலுள்ள கே.ஜி., ‘கிண்டர்கார்டன்’ என்னும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். குழந்தைத் தோட்டம் என்பது அதன் பொருள். அப்பெயரை இட்டவர் பிரடெரிக் புரோபெல் என்னும் பெருந்தகை.

ஜெர்மனியின் துரிங்கிய மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1782 ஏப்ரல் 21-இல் பிறந்தார். ஓராண்டு நிறையுமுன் தாயை இழந்தார். தந்தையார் பாதிரியார், ஊர்ப்பணியே அவர் பொழுதை விழுங்கிற்று. சிற்றன்னையின் அன்பும் நிலைக்கவில்லை. தனிமையில் வாடிய சிறுவனுக்கு வீட்டுத் தோட்டமே துணையாயிற்று. பத்தாம் வயதில் தாய்மாமன் வீடு சேர்ந்த பின்னரே ஓடியாடித் திரியும் உரிமை வாய்த்தது. பதினைந்தாம் வயதில் வனத்தொழில் பழகச் சென்றார். அங்கே மரஞ்செடிகளே அவருக்கு ஆசான்கள்.

பின்னர் சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாசியிடம் கல்விமுறை கற்றார். பெர்லினில் படிகக் கற்களை ஆராய்ந்தார். 1817-இல் கைல்ஹவ் என்னும் மலையடிவாரச் சிற்றூரில் பள்ளி நடத்தலானார். மாணவர்கள் மலையேறினர், நிலத்தில் உழைத்தனர்.

ஆயினும், பள்ளிப் பருவத்துக்கு முன்பே கல்வி தொடங்கிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளங்குழந்தைகளுக்கென ஒரு நிலையம் கண்டார். மூன்றாண்டுக்குப் பின், மலைவழியே நடந்து வருகையில், குழந்தைத் தோட்டம் என்னும் பெயர் அவர் உள்ளத்தில் உதித்தது என்பர்.

அது வெறும் உவமை அன்று. குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பாத்தி வேண்டும் என்றார். எல்லார்க்கும் பொதுவான நிலமும் வேண்டும் என்றார். விதைத்தவன் காத்திருக்கக் கற்கிறான். பொதுப் பாத்திக்கு நீர் ஊற்றுபவன் பிறர்க்கென வாழக் கற்கிறான். விளையாட மரப்பந்தும் கனசதுரமும் உருளையும் தந்தார். பந்து உருளும், கனசதுரம் நிற்கும், உருளை இரண்டும் செய்யும். இதைக் குழந்தை தன் கையாலேயே கண்டறிந்தது.

1851-இல் பிரஷ்ய அரசு குழந்தைத் தோட்டங்களைத் தடை செய்தது. நாத்திகமும் சமதர்மமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு! தமையன் மகன் எழுதிய நூலை இவருடையதென அரசினர் மயங்கினர் என்பர். இவர் மறுத்தும் பயனில்லை. மனமுடைந்த முதியவர் 1852 ஜூன் 21-இல் மறைந்தார். தடை நீங்கியது 1860-இல். அவர் கல்லறைமீது கனசதுரம், உருளை, பந்து ஆகிய மூன்றுமே நினைவுச் சின்னமாக நிற்கின்றன.

அரசின் தடை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் நீங்கியது. நாம் இட்ட தடையோ நீங்கியபாடில்லை. எத்தனையோ பள்ளிகளில் பெயரில் தோட்டம் உண்டு. தொட்டு விளையாட ஒரு பிடி மண் இல்லை. பென்சில் பிடிக்க வலுவில்லா விரல்கள் வீட்டுப்பாடம் எழுதுகின்றன.

தோழர்களே, நம்முள் சிலர் நாளை ஆசிரியராவோம், பலர் பெற்றோராவோம். அன்று குழந்தைக்கு அதன் தோட்டத்தைத் திருப்பித் தருவோமா?