வானை நோக்கிய வணிகர் வில்லியம் கான்

பொருளின்றி இல்லறம் நடவாது. ஆயினும், அப்பொருளைத் தேடும் வழியிற் கைம்முதலையே இழந்து வருந்துவார் பலர். இன்ன கோள் இன்ன இராசியிற் புகும் நாளில் பங்கு விலை ஏறும் என்னும் சொல்லை நம்பி, பணிக்கொடை முழுவதையும் பங்குச் சந்தையில் இடக் கருதுவார் ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரங்களில் வாழும் நம்மவருள்ளும் உளர் என்பதை யாம் அறிவோம். அன்னோர் பொருட்டு, இத்துறையிற் பெரும்பெயர் பெற்ற வில்லியம் டெல்பர்ட் கான் என்பாரின் வரலாற்றைச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1878-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்து லப்கின் என்னும் ஊரருகே, பருத்தி பயிரிடும் குடியிற் பிறந்தார். இளமையில் விவிலியத்தை ஆழ்ந்து பயின்றார். பின்னர் நியூயார்க் நகர் சென்று பங்குத் தொழிலில் ஈடுபட்டார். 1909-இல், 25 சந்தை நாட்களில் இவர் செய்த 286 வாணிகங்களுள் 264 ஆதாயம் தந்தன என்று ஒரு பத்திரிகை எழுதவே, இவர் புகழ் பரந்தது.

கோள்களின் இயக்கத்திற்கும் விலைகளின் ஏற்றத்தாழ்விற்கும் தொடர்புண்டு என்பது இவர் கொள்கை. 1927-இல் ஒரு நாவல் இயற்றி, அதனுள் தம் முறையை மறைபொருளாக வைத்தார். 1929 செப்டம்பரிற் கடுஞ்சரிவு உண்டாகும் என்று முந்திய ஆண்டின் இறுதியிலேயே கணித்தார். அம்மாதம் 3-ஆம் நாள் 381 புள்ளியில் நின்ற டவ் ஜோன்ஸ் குறியீடு, 1932 ஜூலை 8-இல் 41-ஆக வீழ்ந்தது. பொருந்திய கணிப்பு ஊரெங்கும் பேசப்படும், பொருந்தாதது மறக்கப்படும். இஃது உலகியற்கை.

இனி நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. 1949-இல் வெளியிட்ட நூலில் இவர் வாணிக விதிகள் பல வகுத்தார். கைம்முதலைப் பத்துக் கூறாக்கி, எந்த ஒரு வாணிகத்திலும் ஒரு கூற்றுக்கு மேல் இழக்கத் துணியலாகாது என்பது அவற்றுள் முதலாவது. நட்டம் ஓர் எல்லையைக் கடவாதவாறு விற்கும் ஆணையை முன்னரே கொடுத்து வைத்தல் வேண்டும் என்பது அடுத்தது. கோள்கள் தவறாமல் வழிகாட்டுமாயின், இவ்வரண்கள் எற்றுக்கு? வானை நோக்கியவரும் தம் காலடியை நோக்கியே நடந்தார்.

1955 ஜூன் 18-இல் இவர் காலமானார். வீடு உட்பட இவர் விட்டுச் சென்ற செல்வம் ஒரு லட்சம் டாலருக்குச் சற்றே மிகுதி என்றும், நூல்களும் பாடங்களும் விற்றே இவர் வாழ்ந்தார் என்று மகனார் கூறினார் என்றும் அலெக்சாந்தர் எல்டர் என்னும் ஆசிரியர் எழுதியுள்ளார்.

அன்பர்காள்! மங்கல வினைக்குப் பஞ்சாங்கம் நாள் குறிக்கட்டும். முதுமைக்கு வைத்த பொருளை அதன் கையில் ஒப்புவியாதிருப்போமாக.