பழைய ரிவால்வருக்கு ஏன் கோடிகளில் விலை? தன் துப்பாக்கியையே தேடி அலைந்த சாமுவேல் கோல்ட்டின் கதை

1846-ம் ஆண்டு முடியும் நேரம். அமெரிக்க ராணுவ கேப்டன் சாமுவேல் வாக்கர் மூலம் கோல்ட்டுக்கு ஒரு நல்ல சேதி வருகிறது. மெக்சிகோ போருக்கு 1,000 ரிவால்வர் வேண்டுமாம். 32 வயது கோல்ட்டுக்கு வாழ்க்கையே மாறப்போகும் ஆர்டர் அது. ஆனால், மாடலாகக் காட்ட அவர் கையில் ஒரு ரிவால்வர்கூட இல்லை! கம்பெனி மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது. பழைய துப்பாக்கி யாரிடமாவது இருந்தால் வாங்கிக்கொள்வதாகப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தும் ஒன்றும் சிக்கவில்லை என்று சொல்வார்கள். கடைசியில், வாக்கர் சொன்ன யோசனைகளையும் சேர்த்துப் புதுசாகவே டிசைன் செய்தார்.

கோல்ட் பிறந்தது 1814-ல், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். 16 வயதில் 'கோர்வோ' என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல் போன இடம் நம்ம கொல்கத்தா! அந்தப் பயணத்தில்தான் சுழலும் சிலிண்டருக்கு மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார். கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பார்த்து வந்த ஐடியா என்பது பிரபலமான கதை. ஆனால் சுழலும் சிலிண்டர் துப்பாக்கிகள் அதற்கு முன்பே இருந்தன. சுத்தியலை இழுத்தாலே சிலிண்டர் தானாகச் சுழன்று சரியான இடத்தில் பூட்டிக்கொள்ளும்படி செய்ததுதான் கோல்ட்டின் சாமர்த்தியம்.

செய்து பார்க்கப் பணம் வேண்டுமே? 'டாக்டர்' பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் சிரிப்பூட்டும் வாயுவை மக்களுக்குக் கொடுத்து ஷோ நடத்தினார். அந்தக் காசில் உருவான துப்பாக்கிக்கு 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் தொழிற்சாலை தொடங்கினார். ராணுவம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1842-ல் இழுத்து மூட வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் அண்ணன் ஜான், கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, நிறைவேற்ற வேண்டிய நாளில் சிறையிலேயே இறந்துகிடந்தார்.

இப்படி ஒரு நிலையில்தான் வாக்கர் ஆர்டர் வந்தது. சொந்தத் தொழிற்சாலை இல்லாததால் எலி விட்னி ஜூனியரின் ஆலையில் தயாரானது. ராணுவத்துக்கு 1,000, வெளியில் கொடுக்க 100. அவ்வளவுதான் மொத்தமே. ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு மேல் எடை! அளவுக்கு அதிகமாக வெடிமருந்து பிடிக்கும் என்பதால் பல துப்பாக்கிகளின் சிலிண்டர் வெடித்தே போனது. இன்று நல்ல நிலையில் ஒரு வாக்கர் கோல்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதன் பிறகு கோல்ட்டுக்கு ஏறுமுகம்தான். 1851 லண்டன் கண்காட்சி, அங்கேயே ஒரு கிளை, 1855-ல் ஹார்ட்ஃபோர்டில் பிரமாண்டத் தொழிற்சாலை. எல்லாப் பாகமும் மெஷினில், எல்லாம் ஒரே மாதிரி என்பதுதான் அவருடைய பெரிய விளம்பரம். நிஜத்தில் கடைசி வேலை கையில்தான் நடந்தது. அரத்தால் ராவி ராவித்தான் பொருத்தினார்கள். எந்தப் பாகம் எந்தத் துப்பாக்கிக்கு என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் சீரியல் நம்பர் அடித்தார்கள்.

பழைய கோல்ட்டை மதிப்பிடுபவர்கள் இன்று முதலில் தேடுவது இந்த நம்பரைத்தான். பேரல், ஃபிரேம், டிரிகர் கார்டு, சிலிண்டர் என எல்லாவற்றிலும் நம்பர் பொருந்த வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் விலை சரியும். அடுத்து மேல்பூச்சு. தொழிற்சாலையில் ஏற்றிய கருநீல நிறம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சதவீதத்தில் கணக்குப் போடுவார்கள். வீட்டில் கிடந்த பழைய துப்பாக்கியைப் பளபளன்னு பாலிஷ் போட்டு எடுத்துப் போனால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்க வேண்டாம். மதிப்பு மளமளவெனக் குறையும். இயல்பாகத் தேய்ந்த துப்பாக்கிக்கு மரியாதை உண்டு. புதுசு மாதிரி ஆக்கப்பட்டதற்கு இல்லை.

கோல்ட் தன் சிலிண்டர்களில் படங்கள் பதிப்பார். 1851 நேவி மாடலில் டெக்சாஸ் கடற்படையின் சண்டைக் காட்சி இருக்கும். அதன் கோடுகள் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன, திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றனவா, பேரலின் உட்புறம் துருவில் குழிவிழுந்திருக்கிறதா, சுத்தியலை இழுத்தால் சிலிண்டர் ஆடாமல் பூட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அப்புறம் போலிகள். வாக்கர் மாடலில் நகல்கள் நிறைய என்பதால், முதலில் யாரிடம் இருந்தது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அது லேசில் கிடைக்காது. 1864-ல் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலை தீப்பிடித்தபோது பழைய ஆவணங்கள் பலவும் போய்விட்டன.

அந்தத் தீயைப் பார்க்க கோல்ட் இல்லை. உள்நாட்டுப் போர் வெடிக்கும் வரை தென் மாநிலங்களுக்கும் துப்பாக்கி விற்றவர் என்ற கடும் விமர்சனத்தோடு, 1862 ஜனவரியில் 47 வயதில் இறந்துபோனார். தொழிற்சாலையைத் திரும்பக் கட்டியது அவருடைய மனைவி எலிசபெத்.

வெளியில் கொடுத்த அந்த 100 வாக்கர்களில் ஒன்று, நம்பர் 1022. டென்மார்க் கப்பல் கேப்டன் ஒருவர் வாங்கியது. அதன் மரப்பெட்டியோடு, அதிகம் தேயாமல், ஆதாரங்களோடு 2018-ல் ஏலத்துக்கு வந்தபோது 18.4 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 12 கோடி ரூபாய்!

மூன்று வருஷம் கழித்து இன்னொரு கோல்ட் இதை ஓரங்கட்டியது. அலங்காரம் எதுவும் இல்லாத, சாதாரண 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' ரிவால்வர். ஆனால் 'பில்லி தி கிட்' என்ற பிரபல ரவுடியை ஷெரீஃப் பேட் காரெட் 1881-ல் சுட்டுக் கொன்றது அதில்தான். விலை 60 லட்சம் டாலருக்கு மேல். அந்த மாடல் வெளிவந்தது 1873-ல், கோல்ட் இறந்து 11 வருஷம் கழித்து.