தோட்டத்து வாழ்வை ஏட்டில் பதித்த சி. வி.

மலையகத்தின் வரலாறு நெடுங்காலம் தோட்டக் கணக்குப் புத்தகங்களிலேயே அடங்கிக் கிடந்தது. அங்கே தொழிலாளி வெறும் பெயராகவும் எண்ணாகவுமே இருந்தான். அந்நிலையை மாற்ற எழுதியவர்களில் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை.

1914ஆம் ஆண்டு மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த அவர், கொழும்பு நாலந்தாவில் கற்றார். இலங்கை இந்தியக் காங்கிரஸில் இணைந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார். அதற்கு முந்திய ஆண்டுதான், கேகாலையின் நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு சுவீகரிக்க, வெளியேற மறுத்த தொழிலாளர்களுக்காகப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது, வாக்குரிமையும் பறிபோயிற்று.

பதவி போனபின்பும் பேனா ஓயவில்லை. 1970இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலான ‘போர்ன் டு லேபர்’, லயத்து மாந்தரை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியது. தோட்டந்தோட்டமாகத் திரட்டிய நாட்டார் பாடல்கள் 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாயின. 1981இல் இரத்தினபுரித் தோட்டங்களிலும், 1983இல் நாடெங்கும் வன்செயல் மூண்டது. பிறந்த மண்ணைவிட்டு ஓடியவர்களோடு அவர்தம் பாடல்களும் அழிந்துபோயிருக்கும். அவற்றுள் ஒரு பகுதியையேனும் காத்தது அந்நூல். 1984இல் அவர் மறைந்தார்.

பிரஜாவுரிமைச் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் தீர்வு கண்டது. ஆயினும் நினைவை மீட்கச் சட்டம் போதாது. சப்ரகமுவவின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் முதியோரின் கதைகளும், அயல் நகரங்களின் முஸ்லிம் வணிகக் குடும்பங்களின் கதைகளும் பதிவாக வேண்டும். வரலாறு பயிலும் நம் இளைஞர்கள் அப்பணியை ஏற்பார்களா?