சத்திரம் கட்டிய ராணி மங்கம்மாள்

நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெரிய மனுஷியைப் பற்றி எழுதச் சொன்னாங்க. நான் பத்தாவது படிச்சவ. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ராணி மங்கம்மாளைப் பற்றி எழுதுறேன்.

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குள்ள கைகூப்பி நிற்கிற விஜயரங்க சொக்கநாதர் சிலையை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அவரைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்து ஆளாக்கிய பாட்டிதான் மங்கம்மாள். திருச்சி மலைக்கோட்டைப் பக்கத்தில் இப்போ அரசு அருங்காட்சியகம் இருக்கிற கட்டிடத்துக்கு ராணி மங்கம்மாள் மகால் என்றே பெயர். அதைக் கட்டினவர் அவருடைய கணவர் சொக்கநாத நாயக்கர். அப்போ மதுரை நாயக்கர்களுக்குத் தலைநகரமே நம்ம திருச்சிதான்.

1682-ல் கணவர் இறந்தார். ராஜா இறந்தால் ராணிகளும் தீயில் இறங்குற காலம் அது. மகன் சின்னப் பையன் என்பதால் மங்கம்மாள் இறங்கவில்லை. அந்த மகனும் 1689-ல் அம்மை கண்டு இறந்துபோனார். மருமகள் அப்போ கர்ப்பிணி. பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு அவரும் போய்ச் சேர்ந்தார். ஏழு வருஷத்துக்குள்ள கணவர், மகன், மருமகள் மூணு பேரும் இல்லை. கையில் பச்சைக்குழந்தை, தலைமேல ஒரு நாடு. நம்மில் ஒருத்திக்கு இப்படி நடந்தால் எழுந்து நடக்கவே நாளாகும். அவர் பேரன் பெயரில் பதினைந்து வருஷத்துக்கு மேல ஆட்சி நடத்தினார்.

மைசூர் ராஜா காவிரியை மறித்து அணை கட்டினப்போ, தான் சண்டை போட்ட தஞ்சாவூரோடவே கைகோத்துக்கிட்டு எதிர்க்கத் தயாரானார். அதுக்குள்ள வெள்ளம் வந்து அணையே உடைஞ்சுபோச்சு. திருச்சி நத்தர்வலி தர்காவுக்கும் நிலம் கொடுத்தவர். ஆனாலும் ஜனங்க மனசில் அவர் நிற்பது சண்டையால் இல்லை, சாலையாலும் சத்திரத்தாலும்தான். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்னைக்கும் இருக்கு. தெற்கே பல ஊர்களில் பழைய சாலையை மங்கம்மாள் சாலை என்றுதான் சொல்றாங்க. மறந்துபோய் இடது கையால் வெற்றிலை போட்டுக்கிட்ட பாவம் தீரத்தான் இந்தத் தர்மமெல்லாம் செய்தார் என்று ஒரு கதையும் உண்டு.

அந்தச் சாலை எப்படி இருந்தது என்பதைக் கவனிங்க. ரெண்டு பக்கமும் மரம். நடந்து களைச்சா தண்ணீர். இருட்டினா தங்கச் சத்திரம், அங்கே சோறு. தலையில் சுமை, இடுப்பில் பிள்ளை என்று நடக்கிறவளுக்கு எங்கே கால் வலிக்கும், எங்கே பயம் வரும் என்று யோசிச்சுச் செய்த வேலை இது. சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்தால் முன்பின் தெரியாதவங்களும் பேசுவாங்க. உடம்பு ஆறுறதோட மனசும் ஆறும். கட்டிடம் என்றால் சுவரும் கூரையும் மட்டும் இல்லை என்று எனக்கு இதில்தான் புரிஞ்சுது.

கடைசிக் காலத்தில் அவரைச் சிறை வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை இருக்கு. ஊருக்கெல்லாம் சோறு போட்டவருக்கு அப்படி ஒரு முடிவு என்று நினைத்தால் கண் கலங்குது.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். கூட்டமைப்புக்குக் கட்டிடம் கட்டணும் என்று பேச்சு நடக்குது. கணக்கு எழுத ஒரு அறை, பீரோ வைக்க ஒரு அறை என்று வரைபடம் போடுறாங்க. நம்ம கூட்டத்தில் தவணை கட்டி முடிச்ச பிறகுதானே பாதிப் பேர் மனசில் இருக்கிறதைச் சொல்றோம்? வீட்டுக்காரர் குடிக்கிறது, பிள்ளை படிப்பு, மாமியார் சண்டை எல்லாம் அங்கேதான் வெளியே வருது. அதுக்கு ஒரு இடம் வேண்டாமா? முன்பக்கம் அகலமாத் திண்ணை, பக்கத்தில் ஒரு வேப்பமரம், குடிதண்ணீர், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தொட்டில் கட்ட ஒரு கொக்கி, ராத்திரி எரிய ஒரு விளக்கு. இதுக்குப் பெரிய செலவு ஆகாது. ஆனா சுவர் எழும்பின பிறகு கேட்டா இடம் இருக்காது. அதனால அடுத்த கூட்டத்திலேயே ஒவ்வொரு குழுவும் இதைத் தீர்மானமா எழுதிக் கொடுங்க என்று கேட்டுக்கொள்கிறேன்.