காலை டிபனுக்குப் பின்னால் ஒரு மனிதர்... 'ராகி' லட்சுமணய்யாவும் நம் வீட்டுக் களி உருண்டையும்!

உங்க வீட்டுல காலையில என்ன டிபன்? இட்லியா, தோசையா, இல்ல பால்ல கொட்டிச் சாப்பிடற பாக்கெட் ஐட்டமா? சாயங்காலம் பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்ததும் கையில என்ன கொடுக்கறீங்க? கொஞ்சம் யோசிச்சு வைங்க. இந்தக் கட்டுரை முடியறதுக்குள்ள அந்தப் பதிலுக்குத் திரும்ப வருவோம்.

எங்க ஊர் நாகரசம்பட்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்துல, போச்சம்பள்ளி தாலுகாவுல இருக்கிற ஒரு பேரூராட்சி. எங்க பாட்டி காலத்துல வீட்டுக்கு வீடு திருகை இருந்துச்சு. பாட்டி விடியறதுக்கு முன்னாடியே ராகி அரைக்க உட்கார்ந்துடுவாங்க. நாங்க முழிக்கிறதே அந்தத் திருகைச் சத்தத்துலதான். காலையில கூழ், ராத்திரி களின்னு நாள் முழுக்க ராகிதான். ஆனா, நான் ஸ்கூல் படிக்கும்போதே அந்தத் திருகை திண்ணை ஓரம் போய், மேல தொட்டிச் செடி வைக்கிற மேடையாகிடுச்சு. வீட்டுக்கு விருந்தாளி வந்தா அம்மா களிப் பானையை மூடி வைப்பாங்க. களி ஏழை வீட்டுச் சாப்பாடு, இட்லிதான் கௌரவம்னு ஒரு எண்ணம்.

போன வருஷம் என் தங்கச்சிக்கு ரத்தப் பரிசோதனை செஞ்சப்போ ஹீமோகுளோபின் ரொம்பக் குறைவா இருந்துச்சு. அவ ஓசூர்ல ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போறா. முதல் ஷிப்ட்டுன்னா, ஊரே தூங்கற நேரத்துல கிளம்பி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கணும். அந்த நேரத்துல எந்த வீட்டுல டிபன் ரெடியா இருக்கும்? பையில ஒரு பிஸ்கட் பாக்கெட், பஸ் ஏறினதும் தூக்கம். இப்படியே ரெண்டு வருஷம் போயிருக்கு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, சாப்பாட்டைப் பத்தியும் நிறைய சொல்லி அனுப்பினார். அன்னிக்கு சாயங்காலம் அம்மா பேசாம போய், கடையில ரெண்டு கிலோ ராகி வாங்கிட்டு வந்தாங்க.

அந்த ராகியைக் கல் பொறுக்கிக்கிட்டு இருந்தப்போதான் எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. இத்தனை வருஷமா நாம மூடி மறைச்ச இந்தத் தானியம் எப்படி இன்னும் கடையில கிடைக்குது? யாரோ இதைக் கைவிடாம வெச்சிருந்தாங்கதானே? அப்படித் தேடினப்போ கிடைச்சவர்தான் சி.ஹெச்.லட்சுமணய்யா. கர்நாடகாவுல 'ராகி லட்சுமணய்யா', 'ராகி பிரம்மா'ன்னு சொன்னா விவசாயிகளுக்குத் தெரியும். எல்லையைத் தாண்டி நம்ம பக்கம் இருக்கிற நமக்குத்தான் அவ்வளவா தெரியலை. நீங்களும் தெரிஞ்சுக்கோங்க.

ஹாரோஹள்ளி பையன்

லட்சுமணய்யா பிறந்தது 1921-ல், மைசூர் பக்கத்துல இருக்கிற ஹாரோஹள்ளி கிராமத்துல. மைசூர் சீமையில மழையை நம்பின செம்மண் நிலம்னா அதுல ராகிதான். முத்தே இல்லாம அங்கே ஒரு நாள் நகராது. நம்ம களி உருண்டைதான் அங்கே முத்தே. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கொதிக்கிற தண்ணியில கொஞ்சம் அரிசி நொய் போட்டு வேக வெச்சு, அது மேல மாவைக் கொட்டிக் கிண்டுவாங்க. அங்கே பெரும்பாலும் மாவு மட்டும்தான். வித்தியாசம் அவ்வளவுதான்.

விவசாய விஞ்ஞானியான பிறகு அவர் வேலை பார்த்த இடம், மண்டியாவுல இருக்கிற வி.சி. ஃபார்ம். விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ங்கிற பேரோட சுருக்கம்தான் அந்த வி.சி. கிருஷ்ணராஜ சாகர் அணைத் தண்ணி பாயற, நெல்லும் கரும்பும் செழிக்கிற பூமி அது. அப்படிப்பட்ட இடத்துல உட்கார்ந்துகிட்டு, தண்ணியில்லாத ஊர்க்காரங்களோட பயிரைப் பத்தி ஒருத்தர் வாழ்நாள் முழுக்க யோசிச்சார்னா, அதுவே பெரிய விஷயம்தான்.

மைசூர் சமஸ்தானத்துல ராகி ஆராய்ச்சி அவருக்கு முன்னாடியே தொடங்கிடுச்சு. 20-ம் நூற்றாண்டோட ஆரம்பத்துலயே, லெஸ்லி கோல்மன்ங்கிற கனடாக்காரர் விவசாயத் துறையை நடத்தின காலத்துல நல்ல ரகங்களைப் பொறுக்கி எடுத்தாங்க. ஆனா, பொறுக்கி எடுக்கிறது வேற, புதுசா உருவாக்கறது வேற. இருக்கிற கதிர்கள்ல நல்லதைத் தேர்ந்தெடுத்தா ஒரு அளவுக்குத்தான் விளைச்சல் கூடும். அதுக்கு மேல போகணும்னா ரெண்டு ரகத்தை இணைக்கணும்.

விடியறதுக்கு முன்னாடி விரியற பூ

இங்கேதான் சிக்கல். ராகிக் கதிரைப் பார்த்திருப்பீங்க. மூடின கை விரல்கள் மாதிரி இருக்கும். ஒவ்வொரு விரல்லயும் கண்ணுக்குச் சரியாத் தெரியாத குட்டிக் குட்டிப் பூக்கள். நடு ராத்திரி தாண்டி, விடியறதுக்கு முன்னாடியே பூ விரிஞ்சு, தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கிட்டு வேலையை முடிச்சுடும். வேற செடியோட மகரந்தத்துக்கு இடமே கொடுக்காது. அவ்வளவு சின்னப் பூவுல ஆண் பாகத்தை மட்டும் கிள்ளி எடுக்கறது எப்படிப்பட்ட வேலைன்னு யோசிச்சுப் பாருங்க.

ராகி ஆராய்ச்சியாளர்கள் இதுக்குச் சில வழிகளைக் கண்டுபிடிச்சாங்க. அதுல ஒண்ணு, ரெண்டு ரகங்களோட கதிர்களைப் பக்கத்துல பக்கத்துல சேர்த்துக் கட்டிடறது. தாய்ச் செடி பச்சைத் தண்டு, தந்தைச் செடி ஊதா நிறம் கலந்த தண்டுன்னு தேர்ந்தெடுத்தா, தாய்க் கதிரோட விதையை விதைச்சு வர்ற நாற்றுகள்ல ஊதா நிறம் தெரியறது மட்டும்தான் கலப்பு. ஆயிரக்கணக்கான பச்சை நாற்றுகளுக்கு நடுவுல அந்த ஒண்ணு ரெண்டைத் தேடிப் பிடிக்கணும். பிடிச்சதோட முடிஞ்சுதா? இல்ல. அதைத் திரும்பத் திரும்பப் பல தலைமுறைக்கு விதைச்சு, நல்லதை மட்டும் வடிகட்டி, குணம் மாறாம நிலைக்குதான்னு பார்க்கணும். ஒரு ரகம் விவசாயி கைக்குப் போக வருஷக்கணக்குல ஆகும்.

1951-லேர்ந்து 1964 வரை லட்சுமணய்யா நம்ம நாட்டு ரகங்களை வெச்சே உழைச்சார். அருணா, உதயா, பூர்ணா, அன்னபூர்ணா, காவேரி, சக்தின்னு வரிசையா புது ரகங்கள் வந்துச்சு. அந்தப் பேர்களைக் கவனிச்சீங்களா? விடியல், நிறைவு, சோறு, ஆறு, பலம். ஒரு சமையலறைக்கு வேற என்ன வேணும்!

ஆப்பிரிக்காவுல இருந்து வந்த உறவு

ராகியோட பூர்வீகம் நம்ம ஊர் இல்லைங்கறது உங்களுக்குத் தெரியுமா? கிழக்கு ஆப்பிரிக்காவோட மேட்டு நிலங்கள்தான் அதோட தாய் வீடு. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் கடந்து வந்து, நம்ம மண்ணுக்கும் நம்ம மழைக்கும் பழகி, நம்ம பயிராவே ஆகிடுச்சு. அங்கேயே தங்கிட்ட சொந்தக்காரங்க வேற மாதிரி வளர்ந்தாங்க. ஆப்பிரிக்க ரகங்கள்ல தண்டு தடிமனா இருக்கும், கதிர் பெருசா, கனமா இருக்கும். ஆனா, விளைஞ்சு முடிய அதிக நாள் எடுக்கும். நம்ம ரகம் நம்ம மழைக்காலத்துக்குள்ள விளைஞ்சுடும், நிறையத் தூர் கட்டும். ஆனா, கதிர் சின்னது.

1964-க்கு அப்புறம் லட்சுமணய்யா இந்தப் பிரிஞ்ச சொந்தங்களைச் சேர்த்து வெச்சார். அதுல பிறந்ததுதான் 'இண்டாஃப்' ரகங்கள். இந்தியாவோட முதல் பாதியும் ஆப்பிரிக்காவோட முதல் பாதியும் சேர்ந்த பேர். இண்டாஃப் 5, இண்டாஃப் 7, இண்டாஃப் 8, இண்டாஃப் 9-ன்னு ஒரு வரிசையே வந்துச்சு. எல்லாப் பருவத்துக்கும் ஒரே ரகம் சரிப்படாதுங்கறதால, ஒவ்வொரு பருவத்துக்கும் ஏத்த மாதிரி ரகங்கள் அந்த வரிசையில இருந்துச்சு. கர்நாடகாவுல ராகி விளைச்சல் கூடினதுல அந்த ரகங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு.

அந்தக் காலகட்டத்தையும் நினைச்சுப் பாருங்க. 1965, 1966 ரெண்டு வருஷமும் நாட்டுல கடுமையான வறட்சி. அமெரிக்கக் கோதுமை கப்பல்ல வந்துச்சு. மெக்சிகோ கோதுமை, ஐ.ஆர்.8 நெல்லுன்னு பசுமைப் புரட்சி தொடங்கின நேரம். பணம், பேச்சு, பத்திரிகைச் செய்தி எல்லாமே கோதுமையையும் நெல்லையும் சுத்தித்தான். ராகியை யாரும் பெருசா கண்டுக்கலை. ஆனா, மழையை மட்டும் நம்பின செம்மண் காட்டுக்காரனுக்கு அந்தக் கோதுமையும் நெல்லும் உதவாது. அவன் வயித்துக்கு யாராவது யோசிக்கணும் இல்லையா? மண்டியாவுல அந்த வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு.

1993-ல் லட்சுமணய்யா மறைஞ்சார். சரியா 30 வருஷம் கழிச்சு, 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. கொண்டாடிச்சு. அதே வருஷம் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகள்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி கொடுக்கிற திட்டமும் தொடங்கிச்சு. எங்க வீட்டுல மூடி வெச்ச பானைக்கு மரியாதை திரும்பி வந்த காலம். அதைப் பார்க்க அவர் இல்லை.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. காவேரிப்பட்டணத்தை ஒட்டின பையூர்ல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கேருந்து பையூர் 1, பையூர் 2-ன்னு ராகி ரகங்கள் வந்திருக்கு. எங்க ஊர்க்காரங்க மாந்தோப்புக்கு மாறினாலும், ராகியை முழுசா விடலை.

சரி, சமையலறைக்கு வாங்க!

100 கிராம் ராகியில சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. அதே அளவு வெள்ளை அரிசியில 10 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் அதிகம். எங்க வீட்டுல இப்போ வாரம் முழுக்க மாத்தி மாத்திச் செய்யற நாலு ஐட்டங்களைச் சொல்றேன். நீங்களும் செஞ்சு பாருங்க.

முளைகட்டின மாவு: ராகியைக் கழுவி ராத்திரி முழுக்க ஊற வைங்க. காலையில தண்ணியை வடிச்சுட்டு, ஈரத் துணியில கட்டித் தொங்க விடுங்க. ஒரு நாள், ஒன்றரை நாள்ல முளை வந்துடும். நிழல்ல நல்லா காய வெச்சு, வாசம் வர வறுத்து, மில்லுல கொடுத்து அரைச்சுக்கோங்க. முளைகட்டினா ராகியில இருக்கிற இரும்பும் கால்சியமும் உடம்புல சேர்றது எளிதாகும்.

ஷிப்ட்டுக்காரங்க கூழ்: முந்தின நாள் காலையில நாலு ஸ்பூன் ராகி மாவைத் தண்ணியில கரைச்சுப் புளிக்க வைங்க. சாயங்காலம் கால் டம்ளர் நொய்யை வேக வெச்சு, கரைச்ச மாவை ஊத்திக் கைவிடாம கிண்டி இறக்குங்க. ராத்திரி அப்படியே இருக்கட்டும். விடியற்காலையில மோர், உப்பு, பொடியா நறுக்கின சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைச்சு பாட்டில்ல ஊத்திக் கொடுத்தா போதும். அடுப்புப் பத்த வைக்கிற வேலையே இல்லை. தங்கச்சி பஸ்ல குடிக்கிறது இதைத்தான்.

முருங்கைக்கீரை அடை: ரெண்டு கப் மாவுக்கு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஒரு வெங்காயம், ரெண்டு பச்சை மிளகாய், உப்பு. வெதுவெதுப்பான தண்ணி விட்டுப் பிசைஞ்சு, வாழை இலையில தட்டி, தோசைக்கல்லுல போட்டு மூடி போட்டுச் சின்னத் தீயில ரெண்டு பக்கமும் வேக விடுங்க. பெரிய தீ வெச்சா மேல கருகி உள்ள மாவா இருக்கும், கவனம்.

வேர்க்கடலை ராகி உருண்டை: ஒரு கப் மாவை ரெண்டு ஸ்பூன் நெய்யில பச்சை வாசனை போக வறுங்க. வறுத்த வேர்க்கடலை அரை கப், வறுத்த எள் கால் கப், பொடிச்ச வெல்லம் முக்கால் கப் எல்லாத்தையும் சேர்த்து மிக்ஸியில ஒரு சுத்து சுத்தி, சூடு ஆறறதுக்குள்ள உருண்டை பிடிங்க. உதிர்ந்தா இன்னும் கொஞ்சம் நெய். டப்பாவுல போட்டு வெச்சா நாலஞ்சு நாளைக்குத் தாங்கும். பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் இது.

ரெண்டு விஷயம் மட்டும் மறந்துடாதீங்க. சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். இரும்புச்சத்து உடம்புல சேர்றதை அது தடுக்கும். அதுக்குப் பதிலா நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கோங்க. அடுத்தது, ராகின்னாலே சுகருக்கு மருந்துன்னு நினைக்காதீங்க. நைஸா அரைச்ச மாவுல காய்ச்சின கஞ்சி சர்க்கரையைச் சீக்கிரம் ஏத்தும். களியோ அடையோ, கூட கீரையும் பருப்பும் வெச்சு, அளவா சாப்பிடுங்க.

தங்கச்சியோட ஹீமோகுளோபின் இப்போ ஏறியிருக்கு. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து செஞ்ச வேலை அது. ராகி மட்டுமே செஞ்ச மாயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா, வெறும் வயித்தோட பஸ் ஏறறது நின்னுடுச்சு. போன வாரம் வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாங்க. அம்மா களிப் பானையை மூடலை. கொள்ளுக் குழம்போட நடு வீட்டுல வெச்சுப் பரிமாறினாங்க.

ஆரம்பத்துல ஒரு கேள்வி கேட்டேனே, ஞாபகம் இருக்கா? நாளைக்குக் காலையில உங்க வீட்டுல என்ன டிபன்?