தியான் சந்த்: 17 வயதில் யாரும் விலை சொல்லியிருக்க முடியாத வீரர்

2024 ஒக்டோபரில் டில்லியில் ஹொக்கி இந்தியா லீக் தொடருக்கான வீரர் ஏலம் நடந்தது. 2 இலட்சம், 5 இலட்சம், 10 இலட்சம் இந்திய ரூபாய் என மூன்று அடிப்படை விலைகள் வைக்கப்பட்டிருந்தன. இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 இலட்சத்துக்குப் போனார். அவரைப் போன்ற பெயர் பெற்றவர்களுக்கு விலை சொல்வது சுலபம். இளையோர் விடயத்தில்தான் சிக்கல். ஏல மேசையில் இருப்பவர்கள் வயது, ஆடும் இடம், பெனால்டி கோர்னர் அடிக்கும் திறன், காயப்பட்ட வரலாறு எல்லாவற்றையும் சில நொடிகளில் கூட்டிக் கழித்து, ஒரு பையன் ஐந்து வருடம் கழித்து என்னவாக இருப்பான் என்று ஊகிக்க வேண்டும். கனடாவில் வாழும் எங்கள் உறவுகளின் பிள்ளைகள் பார்க்கும் பனி ஹொக்கியிலும் இதே ஊகம்தான். அங்கே ஒரு வீரரைக் கொடுத்து இன்னொருவரை மாற்றியும் எடுக்கிறார்கள்.

இந்த மேசைக்கு முன்னால் 17 வயது தியான் சந்த் நின்றிருந்தால் என்ன விலை கிடைத்திருக்கும்? அடிப்படை விலைக்குக்கூட ஒருவரும் கை உயர்த்தியிருக்க மாட்டார்கள்.

அவர் 1905 ஓகஸ்ட் 29ஆம் திகதி அலகாபாத்தில் பிறந்தார். தகப்பன் பிரித்தானிய இந்திய இராணுவத்தில் இருந்ததால் அடிக்கடி இடமாற்றம் வந்தது. பையனின் படிப்பு ஆறு வருடத்தோடு நின்றது. கடைசியில் குடும்பம் ஜான்சியில் தங்கியது. சிறுவயதில் அவருக்கு மல்யுத்தத்தில் விருப்பம் இருந்ததே தவிர, ஹொக்கியில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. தனது 17ஆவது பிறந்தநாளன்று சாதாரண சிப்பாயாக இராணுவத்தில் சேர்ந்தார். அங்கே திவாரி என்ற சுபேதார் மேஜர்தான் அவரை ஹொக்கிக்குள் இழுத்து ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

பகலில் கடமை இருக்கும். பயிற்சிக்கு மிஞ்சியது இரவு மட்டுமே. நிலவு வரும்வரை காத்திருந்து பந்தோடு ஓடுவார். அதனால்தான் தியான் சிங் என்ற பெயர், நிலவைக் குறிக்கும் 'சந்த்' சேர்ந்து தியான் சந்த் ஆனது என்பார்கள்.

1926இல் இராணுவ அணி நியூசிலாந்து போனபோது அவருக்கும் இடம் கிடைத்தது. 21 ஆட்டங்களில் 18 வெற்றி. தோல்வி ஒன்றே ஒன்று. அணி அடித்த 192 கோல்களில் பாதிக்கு மேல் அவருடையவை. ஊர் திரும்பியதும் கிடைத்தது லான்ஸ் நாயக் பதவி. சிப்பாய்க்கு மேலே ஒரேயொரு படி. அன்றைய இராணுவம் அவருக்குப் போட்ட விலை அது.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 5 ஆட்டங்களில் 14 கோல்கள் அடித்தார். தங்கத்தோடு வந்தவர் மீண்டும் முகாமுக்குள் போனார். அடுத்த ஒலிம்பிக் அணியைத் தெரிவு செய்யும் மாகாணப் போட்டிக்குப் போக அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஹொக்கி சம்மேளனம் தெரிவுப் போட்டி இல்லாமலே அவரை அணியில் சேர்த்தது. தம்பி ரூப் சிங்கும் அந்த அணியில் இருந்தார்.

அந்தப் பயணத்தில் இலங்கைக்கும் ஒரு பக்கம் உண்டு. 1932 மே 30ஆம் திகதி பம்பாயிலிருந்து புறப்பட்ட அணி முதலில் இறங்கியது கொழும்பில். அகில இலங்கை அணியோடு இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் 20-0, அடுத்ததில் 10-0. பிறகு சிங்கப்பூர், ஜப்பான் வழியாக லொஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள். அங்கே அமெரிக்காவை 24-1 என்று வென்றார்கள். ரூப் சிங் 10 கோல்கள், அண்ணன் 8. தங்கம் வென்ற பிறகும் உடனே வீடு திரும்ப முடியவில்லை. பயணச் செலவை ஈடுகட்ட நாடு நாடாகப் போய் ஆட வேண்டியிருந்தது. உலகின் முதல்தர அணி தன் கப்பல் காசைத் தானே உழைத்துக் கட்டியது.

1936இல் பெர்லின் போன அணிக்கு அவரே தலைவர். பயிற்சி ஆட்டத்தில் ஜேர்மனி 4-1 என்று வென்றிருந்தது. ஓகஸ்ட் 15ஆம் திகதி நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா 8-1 என்று பதில் சொன்னது. தன் இராணுவத்துக்கு வந்தால் பெரிய பதவி தருவதாக ஹிட்லர் அவருக்கு விலை பேசியதாக ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. அவர் மறுத்தார் என்றே கதை முடியும். கதையில் வரும் விலைக்கும் நிஜத்தில் அவர் பெற்றதற்கும் உள்ள தூரம்தான் அவருடைய வாழ்க்கை.

1947இல் கிழக்காபிரிக்காவிலிருந்து இந்திய அணிக்கு அழைப்பு வந்தது. தியான் சந்த் இல்லாவிட்டால் அணியே வேண்டாம் என்பது நிபந்தனை. வயது 42ஐ எட்டியபோதுதான் அந்தப் பெயரின் பெறுமதி கேள்விக்கு இடமில்லாமல் ஆனது.

1956இல் மேஜர் பதவியோடு ஓய்வு பெற்றார். அதே வருடம் பத்மபூஷண் விருது வந்தது. சில காலம் பட்டியாலாவில் பயிற்றுநராக இருந்தார். கடைசிக் காலத்தில் கையில் காசு இருக்கவில்லை. 1979 டிசம்பர் 3ஆம் திகதி டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்ட்டில் ஈரல் புற்றுநோயால் இறந்தார். இன்று அவரது பிறந்தநாள்தான் இந்தியாவின் தேசிய விளையாட்டு நாள். டில்லி தேசிய அரங்குக்கும் நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதுக்கும் அவர் பெயர்.

இந்த வாழ்க்கையை மாவடிப்பள்ளியிலிருந்து வாசிக்கும்போது முதலில் கண்ணில் படுவது அந்த 17 வயதுதான். போர்க்காலத்தில் எங்கள் பக்கத்தில் 17 வயதுப் பையனைக் கண்டவர்கள் அவனுடைய காலில் என்ன வேகம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அடையாள அட்டையைப் பார்த்தார்கள். தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அதுதான் நடந்தது. இப்போது பார்க்க வருபவர் வெளிநாட்டு வேலை முகவர். அவரும் ஒரு வகையில் விலை சொல்பவர்தான்: வயது, மருத்துவச் சான்றிதழ், கடவுச்சீட்டு. கட்டாருக்கா சவூதிக்கா என்பது மட்டும் மிச்சம்.

அறுவடை முடிந்த வயலில் விக்கெட் நட்டு ஆடும் பையன்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. 1922இல் அந்தச் சிப்பாயைப் பற்றியும் சொல்ல முடிந்திருக்காது. ஏலம் போடுகிறவர் ஏற்கெனவே தெரியும் திறமைக்குத்தான் விலை வைப்பார். அந்தத் திறமை தெரிய வருவதற்கு முன்னால் ஒரு மைதானம், ஒழுங்காக வரும் ஒரு பயிற்றுநர், ஓட்டத்துக்கு விடப்படும் சில வருடங்கள் வேண்டும். பிரதேச சபையிடமும் பாடசாலையிடமும் கழகங்களிடமும் நாங்கள் கேட்க வேண்டியது இவற்றைத்தான்.

சுபேதார் மேஜர் திவாரி எந்தப் பையனுக்கும் விலை சொன்னவரல்ல. ஹொக்கி தெரியாத ஒரு சிப்பாய்க்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு ஆறு வருடம் கழித்து, அந்தச் சிப்பாய் ஆம்ஸ்டர்டாமில் 14 கோல்கள் அடித்தார்.